ஊசிக்கு முன் ஒரு அலெக்சாண்டர்

துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு, காலடிப்பேட்டை சுகாதார நிலையத்தில் ஊசிக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு கணவனும் மனைவியும்.

“அலெக்சாண்டர்னு பேரு வெச்ச எவனும் சும்மா இருந்ததில்ல ஸ்டெல்லா,” என்றான் அவன். “ஒருத்தரு பாதி ஒலகத்த புட்ச்சாரு. ஒருத்தரு போன் கண்டுபுட்ச்சாரு. இன்னொருத்தரு பென்சிலின்!”

“அதான்யா பயமா கீது. பத்து மார்க் கொறஞ்சா, இந்தப் பேர வெச்சுகினு இப்டியானு புள்ளய சாவடிப்ப நீ.”

“ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். சாய்ந்தரம் ஃபாதராண்ட பேரு சொல்லணும். இன்னாதான் சொல்ற?”

“வேணாம். என் புள்ள சாதாரணமா இருந்தா போதும்.”

எதிர் மேசையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார்: “அலெக்சாண்டர்! வயசு அம்பத்திரண்டு!”

அது நான்தான். போனேன். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடி, மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பஞ்சு பட்டதற்கே “அம்மா!” என்று அலறினேன்.

பின்னால் ஸ்டெல்லா சிரிப்பது கேட்டது.

“யோவ், அந்தப் பேரயே வெச்சுக்கோ. சாதாரணமாவும் இருக்கலாம் போல கீது.”

அடுத்த ஊசி குட்டி அலெக்சாண்டருக்கு. என்னைவிடக் குறைவாகத்தான் அழுதான்.