குழாய்ச் சத்தத்தில் ஜெபம்

— ஏங்க, குழாயைத் திறந்து விட்டுட்டு அந்தச் சத்தத்துல ஜெபம் பண்ற குடும்பம் இந்த உலகத்துலயே நம்ம ஒண்ணுதான். நல்லா கேட்டுக்கங்க.

— மெதுவா பேசும்மா. தண்ணி ஒண்ணும் வீணாகல, கீழ வாளி வச்சிருக்கேன். காலையில துணி அலச ஆகும்.

— வாளி நிரம்பினா ஆமென் சொல்லிடணுமா? நேத்து அப்படித்தானே பண்ணீங்க! நான் இன்னும் மகளோட பரீட்சைக்கே வரல, அதுக்குள்ள ஆமென்னு குழாயை மூடிட்டீங்க.

— நேத்து சின்ன வாளி. இன்னிக்குப் பெரிய வாளி வச்சிருக்கேன் பாரு. மருமகன் வேலை வரைக்கும் தாராளமா போகலாம்.

— சிரிப்பு வேற. நான் சொல்றேன், கூடத்துல உட்கார்ந்து பாட்டுப் பாடி, வாய்விட்டு ஜெபம் பண்ணி வளர்ந்தவ நான். இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து ஒரு சாயங்காலம் விட்டதில்ல. காய்ச்சல்ல படுத்துக்கிட்டுக்கூட பண்ணியிருக்கேன். இப்போ என்னடான்னா அடுப்படியில, வெங்காயக் கூடை பக்கத்துல முட்டி போட்டு, திருட வந்தவ மாதிரி கிசுகிசுன்னு...

— ஏம்மா, அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணச் சொல்லி ஆண்டவரே சொல்லியிருக்கார்ல?

— அடுத்தவங்க மெச்சணும்னு பண்ணாதேன்னு சொன்னார். அடுத்தவங்களுக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டு பண்ணுன்னா சொன்னார்?

— பயம் இல்லம்மா, மரியாதை. பக்கத்து வீட்டுக்காரர் சுவத்துல தட்டிட்டார். அப்புறமும் அதே இடத்துல உட்கார்ந்து பாடினா நல்லாவா இருக்கும்?

— நாம என்ன கூத்தா அடிச்சோம்?

— கூத்து அடிச்சிருந்தாக்கூட விட்டிருப்பார். அந்த நேரத்துல நீ என்ன ஜெபம் பண்ணிட்டு இருந்தன்னு ஞாபகம் இருக்கா?

— எல்லாருக்காகவும்தான்.

— எல்லாருக்காகவுமா? "ஆண்டவரே, பக்கத்து வீட்டு இடிமுழக்கத்தோட முரட்டுக் குணத்தை மாத்தும்"னு சொன்ன. சொல்லி வாயை மூடல, டொக் டொக் டொக்குன்னு விழுந்துச்சு.

— இடிமுழக்கம்னா சொன்னேன்?

— ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியணுமேன்னு சொல்லியிருப்ப.

— வேற எப்படிங்க சொல்றது? கதவைச் சாத்தினா நம்ம வீட்டுப் பாத்திரம் அதிருது. படிக்கட்டுல நின்னு பேசினா மொட்டை மாடி வரைக்கும் கேக்குது. வாசல்ல கிடந்த அவரோட ஓட்டை சைக்கிள்ல நான் தடுக்கி விழுந்தப்ப, தூக்கி விடாம "கண்ணு எங்க போச்சு"ன்னு கேட்டாரே! அன்னிக்குப் பேச்சை விட்டதுதான். சத்துருவுக்காக ஜெபம் பண்ணுன்னா பண்ணித்தானே ஆகணும்?

— பண்ணணும். ஆனா நாம பண்ணினது ஜெபம்தானா? தினமும் ஆண்டவர்கிட்டப் போய் அந்த ஆள் மேல கோள் சொல்லிட்டு, கடைசியில "ஆசீர்வதியும்"னு ஒரு வார்த்தையை ஒட்டி வச்சோம். அவ்வளவுதான்.

— பட்டுன்னு சொல்லிட்டீங்க.

— உன்னை மட்டும் சொல்லலம்மா. நீ சொல்லச் சொல்ல எனக்கும் குளுகுளுன்னுதான் இருந்துச்சு. ஆமென் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

— சரி, அது ஜெபம் இல்லன்னே வச்சுக்கங்க. அப்போ சைக்கிள்? "அந்த சைக்கிளை அங்கிருந்து அகற்றும் ஆண்டவரே"ன்னு சாயங்காலம் கேட்டேன். காலையில கதவைத் திறந்தா வாசல் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சே!

— அதான் இப்போ எனக்கு உறுத்துது. சுவத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேக்குதுன்னா, சைக்கிள் ஜெபமும் அவருக்குக் கேட்டிருக்கும்ல?

— ஐயையோ.

— என்னம்மா?

— நான் சபையில சாட்சி சொல்லிட்டேனே! மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரு மனுஷக் கையும் படாம கர்த்தர் அந்த சைக்கிளை எடுத்துப் போட்டார்"னு சொன்னேனே! போதகர் ஸ்தோத்திரம்னாரே!

— போதகர் வீட்டம்மா அழுதே போயிட்டாங்க.

— நீங்க ஏன் அப்பவே தடுக்கல?

— நானும் நம்பினேனேம்மா.

— வெக்கமா இருக்குங்க. நான் சொல்றேன், இதை இப்படியே விட முடியாது. குழாயைத் திறந்து விட்டு மறைக்கிற விஷயம் இல்ல இது. நேரா போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுவோம். கேட்டுட்டு, எப்பவும் போல கூடத்துல உட்கார்ந்து பண்ணுவோம். இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பண்ணினா, இன்னும் கொஞ்ச நாள்ல விட்டே போயிடும். அதுதான் எனக்குப் பயம்.

— இப்பவேவா? சாயங்கால நேரத்துல எதுக்கு? அன்னிக்கு ஒரு நாள் பார்த்தல்ல, நாம பாட்டை ஆரம்பிச்சதும் அந்தப் பக்கம் தரதரன்னு எதையோ இழுத்தாரே. பீரோவோ என்னவோ. வேணும்னே பண்ணினார். அவ்வளவு கோவத்துல இருக்கற மனுஷன்.

— கோவமாத்தான் இருப்பார். அவர் வீட்டு அக்காவும் ஊர்ல இல்ல. மக வீட்டுக்குப் போனவங்க இன்னும் வரல போல. தனியா கிடந்தா யாருக்கும் சிடுசிடுப்பு வரும். அதுக்குத்தான் சொல்றேன், போய் ஒரு வார்த்தை... இருங்க. குழாயை மூடுங்க. பெல்லு அடிக்குது.

— பால்காரரா இருக்கும்.

— பால்காரர் பெல்லை இப்படியா அழுத்துவார்? கட்டடமே எழுந்து உட்கார்ந்துடும் போல இருக்கு. அவரேதான். போய்த் திறங்க.

— நீதானே மன்னிப்புக் கேக்கணும்னு சொன்ன?

— சரி, ரெண்டு பேருமா போவோம். வாளி தடுக்கப் போகுது, பார்த்து வாங்க.

— தம்பி! உள்ள இருக்கீங்களா?

— வாங்கண்ணே. வாங்க. உள்ள வாங்க, உட்காருங்க.

— உட்கார வரல தம்பி. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நிறுத்திட்டீங்களா?

— எதைண்ணே?

— அதான், சாயங்காலம் பண்ணுவீங்களே. பாட்டு, ஜெபம். ஒரு வாரமா ஒண்ணையும் காணோம். குழாய்ச் சத்தம்தான் கேக்குது.

— இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுண்ணே. சத்தம் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னுதான் இப்போ அடுப்படியில...

— ஏங்க, நீங்க சும்மா இருங்க. நான் பேசறேன். அண்ணே, தப்பு என் மேல. ஜெபம்னு பேர் வச்சுக்கிட்டு உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். நேருக்கு நேர் பேச வேண்டியதைப் பேசாம, ஆண்டவரை நடுவுல இழுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க.

— எல்லாம் காதுல விழுந்துச்சு.

— எல்லாமா?

— இடிமுழக்கம் வரைக்கும்.

— அண்ணே...

— பாய்லர் ரூம்ல வேலை பார்த்த தொண்டைம்மா இது. அங்க கத்தலன்னா பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடக் கேக்காது. வேலையை விட்டும் தொண்டை அடங்கல. நான் என்ன பண்ண? அப்புறம் அந்தக் கதவு. கீல் செத்துப் போச்சு. ஓங்கிச் சாத்தலன்னா அது சாத்திக்காது. இதை எல்லாம் ஆண்டவர்கிட்ட யாராவது எடுத்துச் சொன்னாத் தேவலை.

— அப்போ அந்த சைக்கிள்...

— நான்தான் எடுத்தேன். தன்னந்தனியா படி வழியா இறக்கினேன். இடுப்பு பிடிச்சுக்கிட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாயங்காலம் பார்த்தா நீங்க கர்த்தருக்கு நன்றி சொல்லிட்டு இருக்கீங்க. எனக்கு ஒரு வார்த்தை இல்ல.

— சிரிக்காதீங்க! அண்ணே, இவர் சிரிக்கறதைக் கண்டுக்காதீங்க. ரொம்ப நன்றிண்ணே. ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து நின்னு சொல்லிடறேன், மனுஷக் கை பட்டுதான் சைக்கிள் போச்சுன்னு.

— இடுப்பும் பட்டுச்சுன்னு சேர்த்துச் சொல்லும்மா.

— சொல்றேண்ணே. கட்டாயம் சொல்றேன். அக்கா மக வீட்டுல இருந்து எப்போ வர்றாங்க? அவங்க வந்ததும் அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும்.

— மக வீடா? யார் சொன்னது? அவ உள்ளதான் இருக்கா.

— உள்ளயா? பார்க்கவே முடியலையே!

— எழுந்தாத்தானே பார்க்க முடியும். பக்கவாதம்மா. வலது பக்கம் வராது. வாயில ஒரு வார்த்தை எழும்பாது. பேசணும்னு பார்ப்பா, காத்துதான் வரும். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த நேரம், ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. இப்போ பரவாயில்ல, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இடது கை ஜோரா இருக்கு. மருந்து கசந்தா எனக்கு அடி விழுது.

— எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாண்ணே?

— நமக்குள்ளதான் பேச்சு இல்லையே தம்பி. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்து சொல்ல?

— கண்ணாடிக் கடையில உட்கார்ந்து ஊர்ல இருக்கறவங்க கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கறேன். பக்கத்து வீட்டுல இருக்கறது எனக்குத் தெரியலையே.

— தினமும் பக்கத்து வீட்டுக்காக ஜெபம் பண்ணினோம் இவரும் நானும். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கல. என்ன ஜெபம்ங்க அது? அந்த அக்கா இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பேச்சு இல்லாம கிடந்திருக்காங்க. நான் இங்க உட்கார்ந்து சைக்கிளைப் பத்தி ஜெபம் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

— அழாதேம்மா. அழ வைக்க வரல நான். உங்க பாட்டுதான் அவளுக்கு மருந்தே. அதைச் சொல்லத்தான் வந்தேன். சின்னப் பிள்ளையில எங்கயோ கேட்ட பாட்டு போல, உதட்டை அசைச்சுப் பார்ப்பா. கட்டில் அந்த ஓரத்துல கிடந்துச்சு. ஒரு நாள் நீங்க பாட ஆரம்பிச்சதும் கையைக் கையைக் காட்டினா. எனக்குப் புரியவே நேரமாச்சு. அப்புறம்தான் கட்டிலோட அவளை இழுத்துச் சுவத்தோட ஒட்டிப் போட்டேன்.

— அப்போ அந்தத் தரதரன்னு சத்தம்... அண்ணே, அது கட்டிலா?

— பின்ன என்னன்னு நினைச்சீங்க தம்பி?

— ஒண்ணும் இல்லண்ணே. பீரோன்னு நினைச்சேன்.

— எனக்கு இந்த ஜெபம் கிபம் எல்லாம் பழக்கம் இல்ல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வாரமா அந்த நேரம் ஆனா அவ சுவத்தையே பார்த்துட்டுக் கிடக்கா. கஞ்சி ஊட்டினா வாயை மூடிக்கறா. நான்தான் உங்களோட சண்டை போட்டு நிறுத்திட்டேன்னு நினைக்கறா போல, என்னை ஒரு பார்வை பார்க்கறா பாருங்க... அந்தப் பார்வையைத் தாங்க முடியாமத்தான் பெல்லை அழுத்தினேன். திரும்பவும் ஆரம்பிங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.

— ஏங்க, பாட்டுப் புத்தகத்தை எடுங்க. கண்ணாடியும் எடுத்துக்கங்க. அண்ணே, இன்னிக்கு உங்க வீட்டுல பண்ணலாமா? அக்கா பக்கத்துலயே உட்கார்ந்து?

— வாங்க, வாங்க. வீடு கொஞ்சம் அலங்கோலமா இருக்கும், பார்க்காத மாதிரி வந்துடுங்க. ஆனா ஒண்ணும்மா. என்னை நேருல பார்த்துட்டோமேன்னு ஜெபத்துல என்னை விட்டுடாதீங்க.

— இனிமே உங்களைப் பத்தி நல்லதா மட்டும்தாண்ணே.

— வேணாம் வேணாம். பழையபடியே இருக்கட்டும். அதைக் கேக்கும்போதுதான் அவ முகத்துல ஒரு சிரிப்பு வரும்.

— ஒரு நிமிஷம்ண்ணே. மனசுல வச்சுக்க முடியல, கேட்டுடறேன். பாட்டுதான் அக்காவுக்கு மருந்துன்னு சொல்றீங்க. உங்களுக்கும் கோவம் இருக்கற மாதிரி தெரியல. அப்புறம் அன்னிக்கு ஏன் சுவத்துல அப்படித் தட்டினீங்க?

— நான் எங்கம்மா தட்டினேன்? அவதான் தட்டினா, கரண்டியால. என் முரட்டுக் குணத்தை மாத்தச் சொல்லி நீங்க கேட்டீங்கல்ல, அதுக்கு ஆமென் சொன்னா.