வரைபடத்தில் ஒரு பச்சை

— அந்தப் பாதாம் பிஸ்கட் டப்பாவை மேசையில வைக்காத, நெல்லோ. உங்க பேட்டை அடுப்புல வெந்ததை நான் தொடமாட்டேன், சொல்லிட்டேன்.

— உங்க தங்கச்சி செஞ்சது மதினி, பாத்துக்கோங்க.

— அவ செஞ்சான்னா சரி. அவ பிறந்தது எங்க பேட்டை. வச்சிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லு.

— நம்ம சியேனா ஊருக்கு வாரவன் எல்லாம் நீங்க எழுதின வழிகாட்டிப் புத்தகத்தைத்தான் கையில பிடிச்சுட்டு வாரான். புதுப் பதிப்பு நாளைக்கு அச்சுக்குப் போகுதாம். இதுலயும் எங்க பேட்டை இல்லையாமே?

— இல்ல.

— வரைபடத்தைப் பாத்தேன். எங்க தெருக்கள் இருக்க வேண்டிய இடத்துல வெறும் பச்சை. அங்க என்ன காடா முளைச்சிருக்கு?

— உங்களுக்குக் காடு எவ்வளவோ மேல்.

— பதிப்பகத்துல கூட சேக்கச் சொன்னாங்களாமே, மதினி?

— சொன்னாங்க. அப்படின்னா மொத்தப் புத்தகத்தையும் நிறுத்துங்கன்னு எந்திரிச்சு வந்துட்டேன். பின்னாடியே ஓடி வந்தாங்க.

— ஒரே ஒரு வரி போதும். "நெல்லோ கடையில முயல் கறி நல்லாயிருக்கும்"னு. பையன் வேற மாடியை சுற்றுலாக்காரங்களுக்கு விடலாம்ங்கிறான்.

— உன் முயல் உப்புக் கரிக்கும்.

— போன கிறிஸ்துமஸுக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க!

— பசி.

— பேட்டைக்குப் பேட்டை மோதுற குதிரைப் பந்தய வாரத்துல உங்க தங்கச்சி என்னை விட்டுட்டு உங்க வீட்டுக்கு வந்துடுறா, என் முகத்துல முழிக்கிறதில்ல. அது ஊர் வழக்கம், சரி. மத்த நாள்ல நாம சொந்தம்தானே?

— எங்க குதிரைக்காரனை உங்க ஆளு சுவரோட வச்சு அமுக்கினானே, அப்ப சொந்தம் எங்க போச்சு?

— அப்ப நீங்க ரெட்டைச் சடை போட்டுட்டு இருந்தீங்க, மதினி!

— சடை போட்டவளுக்குக் கண்ணு இல்லையா?

— அந்தப் பகையைப் புத்தகத்துல காட்டணுமா? உங்க பேட்டையை மட்டும் பக்கம் பக்கமா எழுதித் தள்ளினீங்க. எந்த ஜன்னல்ல பூந்தொட்டி அழகுன்னு கூட விடல. இப்ப கூட்டம் அலைமோதுது, பாத்துக்கோங்க.

— மோதுது. எங்க கறிக்கடை எங்க?

— சுற்றுலாக்காரங்க பெட்டி வைக்கிற அறையாயிடுச்சு.

— செருப்பு தைக்கிற கடை?

— ஐஸ்கிரீம் கடை.

— என் வீட்டுக்கு மேல் மாடியில வாடகைக்கு இருந்த கார்லோத்தா குடும்பம்?

— வாடகை கட்டுபடியாகாம ஊருக்கு வெளிய போயிட்டாங்க. ஏன் மதினி, உங்களுக்குத் தெரியாததா?

— இந்த வருஷம் எங்க நீரூற்றுல எத்தனை குழந்தைக்குத் தண்ணி ஊத்தி, பேட்டைப் பிள்ளை ஆக்கினோம்?

— ஒண்ணு. அதுவும் பொலோஞாவுலேர்ந்து கார்ல வந்துச்சு. எங்க பக்கம் வரிசை கட்டி நின்னாங்க! உங்களை நினைச்சு விழுந்து விழுந்து சிரிச்சோம்.

— சிரிங்க. உன் கடையில மத்தியானம் யார் சாப்பிடுறா?

— யாரு... தபால்காரர், பள்ளிக்கூடத்து டீச்சருங்க, எதிர்வீட்டு இல்டே, அவ பேரப்பசங்க. எல்லாம் எங்க தெரு ஆளுங்கதான்.

— ஏன் நிறுத்திட்ட? இன்னும் சொல்லு.

— மதினி... அந்தப் பச்சையை எங்களைக் காப்பாத்தத்தான் விட்டு வச்சிருக்கீங்களா?

— வாயைக் கழுவு, மாப்ளே! அன்னைக்கு அந்தப் பச்சையைப் பூசினதும் வெறுப்புலதான், இன்னைக்கு விட்டு வச்சிருக்கிறதும் வெறுப்புலதான், சொல்லிட்டேன். உங்க பேட்டை தோக்கணும். தெருத் தெருவா உக்காந்து அழணும். ஆனா அது எங்க குதிரையால நடக்கணும். எவனோ பெட்டியை உருட்டிட்டு வந்து உங்களைக் காலி பண்ணிட்டா, அப்புறம் நான் ஜெயிச்சு யார் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கிறது?