சாமி படத்துக்குப் பின்னால் இருந்த பிளாப்பி

காலை எட்டு நாற்பது. ஊரில் கம்ப்யூட்டர் புதிது. தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம் போகும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெரியவரின் மடியில் ஒரு பிளாப்பி இருந்தது. அதன் உறையில் சந்தனப் பொட்டு.

"ஆபீஸ் மெஷின்ல வந்த வைரஸ், சாமி படத்துக்குப் பின்னால இருந்திருக்கு வே," என்றார் அவர்.

பக்கத்தில் இருந்தவர் அவரோடு குற்றாலம் ஆபீஸில் வேலை பார்ப்பவர். "மதுரை கம்ப்யூட்டர்காரரு மூணு தடவ வந்து எல்லா பிளாப்பியையும் சுத்தம் பண்ணாரே அண்ணாச்சி?"

"ஆயுத பூசையில வச்ச இத மட்டும் நான் குடுக்கல. சாமிக்கு வச்சதுல்லா. தெனமும் காலைல இதப் போட்டுத்தான் மெஷின ஆரம்பிக்கேன். ராசின்னு நெனச்சேன்."

"நல்ல ராசி! அப்போ வைரஸக் கொண்டாந்தது டைப்பிஸ்ட் புஷ்பம் இல்லையா?"

"இல்ல. மேனேஜர்ட்ட அவளக் கைகாட்டுனது நாந்தான். வேலைய விட்டு நிறுத்திட்டாவ."

"அவள இனி யாரு வேலைக்கு எடுப்பா?"

"அதான் இலஞ்சில எறங்கி அவ வீட்டுல சொல்லப் போறேன். பெறவு மேனேஜர்ட்டயும் சொல்லுதேன்."

"சொல்லிருங்க அண்ணாச்சி."

இலஞ்சியில் பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு முறை ஊர்ப் பெயரைச் சொன்னார். பெரியவர் பிளாப்பியைப் பைக்குள் வைத்தார்.

அவர் குற்றாலத்தில் இறங்கினார்.