ஜூலை இல்லாத வருஷம்

— செருப்போட எடிட்டிங் ரூமுக்குள்ள வராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அந்த மெஷின்ல கை வைக்காதே, வேலை அழிஞ்சுடும்.

— அழியட்டும் அண்ணா. எம் புருஷன் மூஞ்சிய டிவியில போட்டுக் கைதட்டல் ஒட்டினது நீதானே?

— மெதுவா பேசுமா. பக்கத்து ரூம்ல தகவல் துறை ஆளுங்க இருக்காங்க.

— கேக்கட்டும். 'நாட்டின் பொன்னான ஆண்டு'ன்னு படமாம். நேத்து செய்திக்கு முன்னால முன்னோட்டம் போட்டாங்க. ஆகஸ்ட்ல நடந்த அரசாங்க விழாவாம், உன் மாப்பிள்ளை கையைத் தூக்கிட்டு நிக்கிறார், ஊரே கைதட்டுது. 'அப்பா ஜெயில்லேர்ந்து எப்பம்மா விழாவுக்குப் போனார்'னு எம் பொண்ணு கேக்குறா.

— நான் என்ன பண்ணட்டும்? ஒரு வருஷம் எடுத்த படத்தையெல்லாம் கொண்டாந்து கொட்டி, இதுல சிரிக்கிற ஜனத்தைத் தேடுன்னாங்க. சலிச்சுப் பாத்துட்டேன். ஜனவரியில வெள்ளம். மார்ச்ல சிலிண்டருக்கு வரிசை. மே பூரா கரண்ட் இல்ல.

— அதையெல்லாம் என்ன பண்ணின?

— வெள்ளத்துக்கு 'பெருகும் நீர்வளம்'. வரிசைக்கு 'கட்டுப்பாடு மிக்க மக்கள்'. இருட்டுக்கு 'மின் சிக்கனம்'னு போட்டு, பின்னால புல்லாங்குழல்.

— உனக்கு வெட்கமா இல்ல?

— இருந்துச்சு. மார்ச் வரைக்கும்.

— ஜூலை?

— படத்துல ஜூலை கிடையாது. ஜூன் முடிஞ்சதும் ஆகஸ்ட். மேலிடத்து உத்தரவு. ஜூலையில இந்த நாட்டுல ஒண்ணும் நடக்கல.

— நடக்காத கூட்டத்துக்குப் போனார்னுதானே அவரை உள்ள வச்சிருக்காங்க?

— அதை என்கிட்ட கேட்டா? நான் கூலிக்கு மாரடிக்கிறவன். ஆகஸ்ட் விழாவுக்கு வந்ததே நாலு பேர், அதுலயும் மூணு பேர் கொட்டாவி. சதுக்கம் நிறைய ஜனம் கையைத் தூக்கினது ஜூலையில மட்டும்தான். கோஷத்தைக் கழட்டிட்டு, ஏதோ மேட்ச்ல கிடைச்ச கைதட்டலை ஒட்டி, ஆகஸ்ட்ல சேத்துட்டேன்.

— எழவு வீட்டுக்குக் கல்யாண மேளம் வச்சிருக்க. 'அரிசி எங்கே அமைச்சரே'ன்னு கத்தின வாய் அது. அவர்னு தெரிஞ்சேதான் போட்டியா?

— சத்தியமா தெரியல.

— தங்கச்சி புருஷனையே தெரியல?

— அவர் அவ்வளவு பெருசா வாயைத் திறந்து நான் எங்கே பாத்திருக்கேன்? நம்ம வீட்டுல குடிக்கத் தண்ணி கேக்கக்கூடக் கூச்சப்படுற மனுஷன். கோபத்தை விடு, ஒரு நல்ல சேதி. அமைச்சர் படம் பாத்தார். அந்த மூஞ்சியைப் பாத்துக் கண் கலங்கிட்டாராம். வருஷக் கடைசி விழாவுல மேடையேத்தி, 'ஆண்டின் மகிழ்ச்சியான குடிமகன்'னு பட்டம் கொடுக்கணுமாம்.

— மேல சொல்லு.

— ஆளு ஜெயில்ல இருக்கார்னு அமைச்சர்கிட்ட யார் சொல்றது? பூனைக்கு மணி கட்ட ஆளில்ல. அதனால கேஸையே வாபஸ் வாங்குறாங்க. மாப்பிள்ளை வெளிய வந்துடுவார். மேடையில அதே மாதிரி கையைத் தூக்கி நின்னாப் போதும். நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்.

— தேவையில்ல. இன்னிக்குக் காலையில பாக்கப் போனேன். எனக்கு முன்னாடியே உன் அதிகாரி ஒருத்தர் காகிதத்தோட அங்க உக்காந்திருந்தார்.

— ஐயோ. மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பாரே.

— இல்ல. பொறுமையா உக்காந்து கேட்டார்.

— கேட்டுட்டு முடியாதுன்னுட்டாரா? அடம் பிடிச்சா அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பொண்ணை நினைச்சுப் பாக்கச் சொல்லுமா.

— ஒத்துக்கிட்டார். மேடைக்கு வரேன், கையையும் தூக்குறேன்னார். 'விழா நேரடி ஒளிபரப்பா, இல்ல அப்புறமா வெட்டி ஒட்டிப் போடுவீங்களா'ன்னு மட்டும் கேட்டார். நேரடிதான்னாங்க. உடனே கையெழுத்துப் போட்டுட்டார்.