நடுவுல நின்னு பேசுறவன்

இல்ல தம்பி, ஏணிய அப்படியே சாச்சு வைங்க. மேல ஏற என்ன அவசரம்? ஓடு இப்ப கால சுடும். மொதல்ல உக்காருங்க, காப்பி ஊத்தியாச்சு. ஞாயித்துக்கெழம அதுவுமா வந்திருக்கீங்க பாவம். ஜொகூர்ல ஞாயிறு லீவு வந்ததே இப்பத்தான், அதையும் எங்க வீட்டு டிவி கெடுத்துருச்சு. உங்களுக்கு போன் பண்ணது என் வீட்டுக்காரம்மா, டொரத்தி. பூசைக்குக் கெளம்புற நேரத்துல டிவிய தட்டிப் பாத்தா, வரல. உங்க நம்பர ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா, ஒடனே கூப்பிட்டுட்டா. நாளைக்குப் பாத்துக்கலாம்லான்னு சொன்னேன். கேட்டாத்தானே.

அந்தப் போட்டோவா? நான்தான். அப்ப முடி இருந்துச்சு. வெளியுறவு அமைச்சுல வேல. அம்பாசடர்லாம் இல்ல, பெரிய மனுசங்க பேசுறப்ப பக்கத்துல உக்காந்து குறிப்பெடுக்குற ஆளு. இவன் சொன்னத அவன்கிட்ட கொண்டுபோறது, அவன் சொன்னத இவன்கிட்ட கொண்டுவர்றது. ரிட்டயர் ஆனதும் ஜொகூர் பாரு டவுன்ல வீடு வாங்க வசதிப்படல, இங்க உலு திராம்ல வந்து உக்காந்தாச்சு.

ம். தெரியும். விடியறதுக்கு முன்னாடியே குண்டு போட ஆரம்பிச்சிட்டானுங்க. என் போன்லயும் அதேதான் ஓடுது. இருங்க... இல்ல, ஒண்ணும் வரல. ஏதோ மெசேஜ்னு நெனச்சேன்.

போன வாரம் வரைக்கும் ரெண்டு நாட்டுக்காரங்களும் கை குடுத்துச் சிரிச்சிக்கிட்டு நின்னாங்களே, அப்புறம் எப்படின்னு கேக்குறீங்க. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. அந்தச் சிரிப்பு போட்டோக்காரனுக்குத் தம்பி.

நான் வேலயில இருந்தப்ப இதே மாதிரி ரெண்டு நாடு. பேரு வேணாம். ஒரு ஆத்துத் தண்ணி சண்ட. நம்ம நாடு எடம் குடுத்துச்சு, சோறு போட்டுச்சு. பேச வந்த ரெண்டு குழுத் தலைவரும் ராத்திரி சாப்பாட்டுல ஒரே மேசை. ஒருத்தருக்கு முட்டி வலி, இன்னொருத்தரு தைலம் பேரு எழுதிக் குடுக்குறாரு. அவங்க ரெண்டு பேருக்கும் முடிவு தெரியும். நீ பாதி விடு, நான் பாதி விடுறேன், அவ்வளவுதான். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனா யாரு மொதல்ல விடுறது? ஊர்ல அவங்க பெரியவங்க ஏற்கெனவே மைதானத்துல மைக்க புடிச்சி, ஒரு சாண் விடமாட்டோம்னு கத்தியாச்சு. ஜனம் கை தட்டியாச்சு. தட்டுன கைய எப்படித் திருப்பி வாங்குவீங்க?

காடி சத்தமா? ஓ, எதுத்த வீட்டுக்காரரு காரா. சரி சரி. பூசை முடிய இன்னும் நேரம் இருக்கு.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேனே. எங்க வேதத்துல கல்யாணத்துக்கு முன்னாடி கோவில்ல ஓலை வாசிப்பாங்க. மூணு ஞாயிறு. இன்னாரு மகளுக்கும் இன்னாரு மகனுக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு ஃபாதர் சத்தமா வாசிப்பாரு. வாசிச்சாச்சுன்னா அது ஊருக்கே சொன்ன மாதிரி. எங்களுக்கு ஒரே மக, ரீத்தா. செனாய்ல ஒரு நல்ல குடும்பம், பையன் பேரு பிராண்டன். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. சேலை எடுத்தாச்சு, ஹால் புக் பண்ணியாச்சு. மூணாவது ஓலைக்கு முன்னாடி சனிக்கெழம வந்து எனக்கு இது வேணாம்பான்னுட்டா.

காரணமா? இருந்துச்சு. அந்தப் பையன் வேலய விடச் சொன்னான், இவ மாட்டேன்னா. எனக்கு அது ஞாயமாத்தான் பட்டுச்சு. ஆனா டொரத்திக்கு அது இல்ல விஷயம். மறுநாள் கோவில் படியில எல்லாரும் நிக்கிறாங்க, பாட்டுக் குழு, மாதா சபை, சம்பந்தி வீட்டுக்காரங்க. அத்தன பேரு முன்னாடி, இனிமே இவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. வீட்டுக்குள்ள சொல்லியிருந்தா ராத்திரியே சமாதானம் ஆயிருக்கும். படியில நின்னு சொன்னத எப்படி முழுங்குறது? மகளும் லேசுப்பட்டவ இல்ல, தாயைப் போல புள்ள. அம்மா கூப்பிட்டாத்தான் வருவேன்னு பொட்டிய கட்டிட்டா.

சிங்கப்பூரா? அதுசரி, ஜொகூர்ல பொறந்த புள்ளைங்க எல்லாம் அங்கதானே ஓடுது. காப்பி ஆறுது பாருங்க, குடிங்க. பிஸ்கட்ட தொட்டுக்குங்க.

அப்புறம் என்ன, நடுவுல நான். வாழ்நாள் பூரா பாத்த வேல, வீட்டுலயும் அதே வேல. ரீத்தா போன் பண்ணுவா எனக்கு. அம்மா என்ன சொல்றாங்கன்னு கேப்பா. டொரத்தி சொன்னது என்ன தெரியுமா, மொதல்ல அவ வந்து ஊருக்கு முன்னாடி மன்னிப்புக் கேக்கட்டும். அத நான் எப்படிச் சொல்றது? அம்மா நீ ஒழுங்கா சாப்புடுறியான்னு கேட்டாங்கன்னு சொல்லுவேன். இங்க வந்து, ரீத்தா என்ன சொன்னான்னு டொரத்தி கேப்பா. அவ சொன்னது, செத்தாலும் மன்னிப்புக் கேக்கமாட்டேன். நான் சொல்லுவேன், புள்ள கொரலே சரியில்ல, அழுதுக்கிட்டே பேசுறா.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா இது எங்க தொழில் தம்பி. கரடுமுரடா ஒருத்தன் சொன்னத நடுவுல நிக்கிறவன் மெழுகித்தான் கொண்டுபோவான். அங்கதான் எல்லாம் நாசமாப் போவுது. நான் மெழுகுனதக் கேட்டு அம்மா என்ன நெனக்கிறா? மக எறங்கி வர்றா, இன்னும் கொஞ்சம் முறுக்கா இருந்தா கால்ல விழுந்துருவா. மகளும் அதேதான் நெனக்கிறா, அம்மா எளகிட்டாங்க, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா அவங்களே கூப்பிடுவாங்க. ரெண்டு பேரும் ஜெயிக்கப் போறோம்னு ஒக்காந்துட்டாங்க. மூணு வருஷம் போச்சு. அந்த ஆத்துத் தண்ணியிலயும் அப்படித்தான். அவன் நெசமா அடிப்பான்னு இவன் நம்பல, இவன் நெசமா அடிப்பான்னு அவன் நம்பல. சும்மா மெரட்டுறான்னு ரெண்டு பேருக்கும் சொன்னது யாரு? நாங்கதான். நல்லெண்ணத்துலதான் சொன்னோம்.

இருங்க, மணி என்ன? கடவுளே. போன இன்னொரு தடவ பாத்துக்குறேன்... ம்ஹும்.

அலமாக், எந்திரிக்காதீங்க தம்பி. இன்னொரு வீடு இருக்கா? போலாம், ரெண்டே நிமிசம். முக்கியமானத இன்னும் சொல்லலியே. நேத்து சாப்புடுறப்ப, நான் ஒண்ணுமே கேக்கல, டொரத்தியா சொல்றா. நாளைக்கு ரீத்தாவுக்குப் பொறந்த நாளு, பூசை முடிஞ்சி வந்ததும் நானே கூப்புடுறேன், உங்க போன குடுங்கன்னா. அவ வச்சிருக்கிறது பழைய பட்டன் போன், வெளிநாட்டுக்குப் போவாது. எனக்குக் கையில சோறு நின்னுருச்சு தம்பி. மூணு வருஷமா நான் வளைச்சி வளைச்சிப் பேசி ஒண்ணும் நடக்கல. அவளா ஒரு ராத்திரியில எறங்கிட்டா. சந்தோசத்துல தூக்கமே வரல. புரண்டு புரண்டு படுத்துட்டு, நாலு மணிக்கு எந்திரிச்சி போன பாக்குறேன், அதுல இந்த நியூசு.

அட, ஏணியத் தொடாதீங்கன்னா! மன்னிச்சிக்குங்க, சத்தம் போட்டுட்டேன். மேல ஒண்ணும் இல்ல. டிஷ் நல்லாத்தான் இருக்கு. இங்க வாங்க, பொட்டிக்குப் பின்னால வயரப் பாருங்க. எலி கடிச்சா இப்படி நேரா கடிக்குமா? நான்தான் வெட்டுனேன், மீன் நறுக்குற கத்திரியால, அவ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி.

ரீத்தா சிங்கப்பூர்ல இல்ல தம்பி, குண்டு விழுதே, அங்க இருக்கா. அந்த ஊர்லதான், பெரிய ஆஸ்பத்திரில நர்சு. டொரத்திக்கு ஊரு பேரு தெரியும். டிவியப் போட்டா மொதல்ல அந்த ஊரு எரியறதத்தான் காட்டுவான். அதான்.

நீங்க ஒரு ஒதவி பண்ணுங்க. ஏதோ பார்ட்ஸ் போச்சு, கோலாலம்பூர்லருந்து வரணும்னு சொல்லிருங்க. எனக்கு இன்னிக்கு ஒரு பொழுது வேணும், அவ்வளவுதான். அதுக்குள்ள புள்ளகிட்டருந்து ஒரு வார்த்த வந்துரும். கோவில்ல யாராச்சும் வாய விட்டிருந்தா? விட்டிருக்க மாட்டாங்க. பூசையில யாரு போன பாக்குறா.

இது அவ காடிதான். திருப்பறப்ப பிரேக் கீச்சுன்னு கத்தும், மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். ஏணிய மறுபடி சாச்சு வைங்க, ஏறி எறங்குன மாதிரி இருக்கட்டும்.

டிவிக்கு நீங்க சொல்லிருவீங்க தம்பி. உள்ள வந்ததும் போன குடுங்கன்னு எங்கிட்ட கைய நீட்டுவாளே. காலையிலருந்து நானும் அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன், அந்தப் பக்கம் மணியே அடிக்கல. மூணு வருஷம் கழிச்சி மொதல்ல எறங்கி வந்து கூப்புடுறா, மக எடுக்கமாட்டா. இன்னும் கோவமாத்தான் இருக்கா, அதான் எடுக்கலன்னு நெனச்சிக்குவா. நெனச்சிக்கட்டும். கோவமா இருக்கான்னா, உசுரோட இருக்கான்னுதானே. நீங்க காப்பியக் குடிங்க, நான் போயி வாசல் கேட்ட தொறந்து விடுறேன்.