கட்டிங் மேஜை

— கத்தரியைக் கீழ வை. அந்த மேஜை இப்ப உன்னுது இல்ல.

— பிள்ளை பெத்துட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள என்னுது இல்லாமப் போச்சா, அண்ணா?

— இந்தா பாரு, வீட்டுல அண்ணன். இந்தச் சட்டைக் கம்பெனிக்குள்ள முதலாளி. கட்டிங்கை உங்க அண்ணியோட தம்பி பாத்துக்கறான். நீ பேக்கிங்ல உட்காரு. கைக்குழந்தைக்காரிக்கு அதான் சௌகரியம்.

— யாருக்குச் சௌகரியம்? அவன் வெட்டின சட்டையைப் பாத்தேன். ரெண்டு கையும் சண்டைக்காரப் பங்காளிங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்குது.

— வாய் மட்டும் குறையல உனக்கு. ஏதோ தங்கச்சியாச்சேன்னு ஒரு வேலை குடுக்கறேன்.

— குடுக்கறியா? பிரசவ லீவுல போனவளுக்கு அவ பழைய வேலையைத் திருப்பித் தரணும். அது சட்டம். பிச்சை இல்ல.

— இந்தா பாரு, சட்டம் பேசாத. பால் குடுக்கணும்னு பொழுதுக்கும் எழுந்து ஓடுவ. துணி காத்துக்கிட்டு நிக்குமா?

— நீ சிகரெட் பிடிக்க ஓடுறப்ப நிக்குதே!

— மரியாதையாப் பேசு. இஷ்டமில்லன்னா வீட்டுக்குக் கிளம்பு.

— கிளம்ப மாட்டேன். தொழிலாளர் ஆபீஸ்ல புகார் குடுத்துட்டேன்.

— என்னது? கூடப் பொறந்தவன் மேலயா? பாவி, உனக்கு வேலை கத்துக்குடுத்ததே நான்தானேடி!

— கத்துக்குடுத்தது நீதான். பிடுங்கினதும் நீதான்.

— பிடுங்கினேனா? நீயா வேலையை விட்டுட்டுப் போனேன்னு சொல்லுவேன். முடிஞ்சுது கதை. இங்க எனக்கெதிரா எவன் வாயைத் திறப்பான்?

— பாக்கலாம்.

— என்னத்தப் பாக்கறது? இந்தா பாரு, உன் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறாளே, உங்க அண்ணி, அவளைப் பாரு. அவளும் இங்க கணக்கு எழுதினவதான். நம்ம பெரியவன் பொறந்ததும் போதும், வீட்டுல இருன்னேன். இருந்தா. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை என்னைப் பத்திக் குறை சொல்லியிருப்பாளா? ஏய், நீயே சொல்லேன் இவகிட்ட!

— மெதுவாப் பேசுங்க, குழந்தை இப்பதான் கண் அசந்துது. நான் நேத்தே சொல்லிட்டேன். இவகிட்ட இல்ல, தொழிலாளர் ஆபீஸ்ல. இவ வேலையை விடல, இவ பிரசவ வலியில கிடந்தப்பவே என் தம்பியைக் கூப்பிட்டு மேஜையைக் குடுத்தீங்கன்னு. இவ புகாருக்கு நான்தாங்க சாட்சி.