டிராகனுக்குப் பதில் தவளை

காலி வீதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், வேலை முடிந்து வீடு திரும்பும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“நான் அனுப்பினது டிராகன். அவன் திருப்பி அனுப்பினது தவளை.”

“என்னடி சொல்லுறாய்?”

“சின்ன வயசில இருந்து படம் போட்ட விளையாட்டுக் கார்ட் சேர்த்தனான் எல்லே. அதில டிராகன் படம் போட்ட அபூர்வமான கார்டை ஒன்லைனில வித்தனான். வாங்கினவன் அது போலி எண்டு கொம்ப்ளெயின் பண்ணி, டிராகனைத் தான் வச்சுக்கொண்டு ஒரு மலிவான தவளைக் கார்டைத் திருப்பி அனுப்பிட்டான். சைட்காரர் அவனை நம்பிக் காசையும் திருப்பிக் குடுத்திட்டினம்.”

“பிறகு?”

“பார்சலில அவன்ட அட்ரஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு தெஹிவளைக்குப் போனனான். அவன் இல்லை, அவன்ட மனுசிதான் கதவைத் திறந்தா. எல்லாத்தையும் சொன்னன்.”

“சண்டைக்கு வந்தவவோ?”

“இல்லை. உள்ள போனா. ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கார்ட் கொண்டுவந்து எனக்கு முன்னால வச்சா. ‘இதில உங்கட எது, தங்கச்சி?’ எண்டு கேட்டா.”